லைட் நாவலை எப்படி வாசிப்பது: மிகைபுனைவு நாவலுக்கும் மாங்காவுக்கும் நடுவே ஒரு வடிவம்

மிகைபுனைவு, லைட் நாவல், மாங்கா என்ற மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வது இவற்றை விரும்பிப் படிப்பவர்களின் வழக்கம். புதிதாக வருபவருக்கு முதல் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. மிகைபுனைவு என்பது கதையின் வகை. மந்திரம், வேற்றுலகம், நம் உலகத்தில் இல்லாத உயிர்கள் ஆகியவற்றை உண்மை போலக் கொண்டு நடத்தப்படும் எந்தக் கதையும் அதில் அடங்கும். மாங்காவும் லைட் நாவலும் வகைகள் அல்ல. ஜப்பானில் உருவான இரண்டு வெளியீட்டு வடிவங்கள். மாங்கா படக்கதை, லைட் நாவல் ஓவியங்களோடு வரும் உரைநடைக் கதை. காதல் கதையும் விளையாட்டுக் கதையும் துப்பறியும் கதையும் இந்த இரண்டு வடிவங்களிலும் ஏராளமாக உள்ளன. ஆயினும் மிகைபுனைவு இந்த வடிவங்களில் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருப்பதால், மூன்றும் ஒன்று என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

நான் முதன்முதலாகக் கையில் எடுத்த லைட் நாவலை நாற்பது பக்கங்களுக்குள் மூடி வைத்துவிட்டேன். பெரிய மிகைபுனைவு நாவல்களைப் படித்துப் பழகிய எனக்கு, அதன் பத்திகள் அரைகுறையாகவும் உரையாடல்கள் தேவைக்கு மேல் நீண்டும் தெரிந்தன. பல மாதங்களுக்குப் பிறகு, அந்த நூல் எங்கிருந்து வந்தது, எத்தகைய வாசகரை எண்ணி எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் படித்தபோதுதான், முதல் முறை தவறான அளவுகோலோடு அதை அணுகியிருந்தேன் என்பது புரிந்தது. ஒரு கதை எந்த வழியாக வெளியாகிறதோ அந்த வழியே அதன் உருவத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றையும் பிரித்தறிய விரும்புபவர் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

லைட் நாவலின் வழக்கமான உடல் ஒரு சிறிய புத்தகம். ஜப்பானில் புன்கோ என்று அழைக்கப்படும் அந்தப் பதிப்பு 105 மில்லிமீட்டர் அகலமும் 148 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு ரயிலில் நின்றபடியே படிக்கலாம். அட்டையில் மாங்கா பாணியில் வரையப்பட்ட கதாபாத்திரம் இருக்கும். உள்ளே தொடக்கத்தில் சில வண்ணப் பக்கங்களும், கதையின் நடுவே ஆங்காங்கே கறுப்பு வெள்ளை ஓவியங்களும் இடம்பெறும். ஓவியரின் பெயர் எழுத்தாளரின் பெயரோடு சேர்ந்தே அட்டையில் வரும், ஏனெனில் வாசகர் மனத்தில் அந்தப் பாத்திரத்தின் முகத்தைப் பதியவைப்பவர் ஓவியர்தான். முகம், உடை, முடியின் நிறம் ஆகியவற்றை ஓவியம் சொல்லிவிடுவதால், உரைநடையில் அவற்றை விரிவாக வருணிக்க வேண்டிய சுமை எழுத்தாளருக்குக் குறைகிறது. வருணனை மெலிந்திருப்பதைப் பார்த்து இவர் எழுதத் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வலியுறுத்துவேன்.

உரையாடலின் நீளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அது மொழியில் இருக்கிறது. இன்றைய தமிழில் தன்மை ஒருமைக்கு ‘நான்’ என்ற ஒரே சொல்தான். ஜப்பானிய மொழியில் முரட்டு இளைஞன் ‘ஒரே’ என்றும், மென்மையான பையன் ‘போகு’ என்றும், மரியாதையாகப் பேசுபவர் ‘வதாஷி’ என்றும், கதைகளில் வரும் கிழவர் ‘வாஷி’ என்றும் தம்மைக் குறித்துக்கொள்வார்கள். வாக்கியத்தின் கடைசியில் வரும் அசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே யார் சொன்னார் என்று ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நான்கு பேரின் பேச்சை ஒரு பக்கம் முழுவதும் ஓட்டினாலும், ஜப்பானிய வாசகருக்கு எந்தத் தடுமாற்றமும் வராது. ‘வாடா’ என்பவரையும் ‘வாங்க’ என்பவரையும் குரலைக் கேட்காமலே பிரித்தறியும் நமக்கு இந்த உத்தி எளிதில் விளங்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. அதனால் மூலத்தில் விறுவிறுப்பாக இருந்த பக்கம், யார் பேசுகிறார் என்று வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டிய பக்கமாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு உரையாடல் தட்டையாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள், அந்தக் குறையில் எவ்வளவு மூலத்துக்கு உரியது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

‘லைட் நாவல்’ என்ற பெயர் ஆங்கிலச் சொற்களால் ஆனதாயினும் ஜப்பானியர்களே கட்டிக்கொண்டது. 1990ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்தது. பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. 1980களில் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடத்தும் விளையாட்டுகள் ஜப்பானில் பரவின. 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்து, வாளும் மந்திரமும் கொண்ட உலகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிமுகமாக்கியது. அதே 1986இல், ஒரு மேசை விளையாட்டில் நடந்த உரையாடல்களின் பதிவு பத்திரிகையில் தொடராக வந்தது. அந்த விளையாட்டை நடத்திய மிசுனோ ரியோ அதையே நாவலாக்கி 1988இல் ‘லோடோஸ் தீவுப் போர்’ என்ற பெயரில் வெளியிட்டார். லைட் நாவல் உலகத்தில் நிலை, திறன், தொழில் என்று விளையாட்டின் சொற்கள் இன்றும் ஓயாமல் கேட்பதற்கு இந்தப் பிறப்பே மூலகாரணம்.

இங்கே மிகைபுனைவு நாவலின் மரபைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீன், 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையை விரித்தெழுதிய கட்டுரையில், எழுத்தாளர் படைக்கும் உலகத்தை இரண்டாம் உலகம் என்றார். பச்சைச் சூரியன் என்று சொல்வது யாருக்கும் எளிது. அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தோன்றும்படியான ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் அங்கே சொன்ன கருத்தின் சாரம். மிகைபுனைவைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை இன்னும் காணவில்லை. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ நாவலில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு; அந்தப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது ஆற்றல் கிடைக்கும்; ஓரிடத்தில் வரவழைத்த மழை வேறோரிடத்தில் வறட்சியாகலாம் என்பதால் அறிந்தவனும் எண்ணித்தான் செயல்பட வேண்டும். மந்திரத்தின் விதியே அந்த உலகத்தின் அறமாகவும் இருப்பதால்தான் அங்கே பச்சைச் சூரியன் ஒளிர்கிறது. மிகைபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் வேறொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார்: மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க எழுத்தாளருக்கு உள்ள உரிமை, அந்த மந்திரத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார்.

விளையாட்டிலிருந்து வந்த லைட் நாவல் இந்தப் புரிதலைக் குறுக்குவழியில் அடைகிறது. நாயகனின் கண்முன் ஒரு பலகை தோன்றி, உடல் வலிமை இத்தனை, மந்திர ஆற்றல் இத்தனை, கற்ற திறன்கள் இவை என்று எண்களாகக் காட்டிவிடும். வாசகருக்கு விதி தெரிந்துவிட்டது. ஆனால் பலமுறை அதற்கு எடை கிடைப்பதில்லை. எண் ஏறுவது மட்டுமே நிகழும் கதையில் நாயகன் எதையும் இழப்பதில்லை, இழக்காதவனைப் பற்றி எனக்குக் கவலைப்படவும் தோன்றுவதில்லை. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு மாங்காவில் இருக்கிறது. அராகாவா ஹிரோமு 2001 முதல் 2010 வரை மாத இதழில் தொடராக வரைந்து 27 தொகுதிகளாக வெளிவந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டில் ஒரே விதிதான்: ஒன்றைப் பெறுவதற்கு அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இறந்த தாயை மீட்க முயன்ற இரண்டு சிறுவர்களில் அண்ணன் ஒரு காலையும், பிறகு தம்பியின் உயிரைப் பிடித்துவைக்க ஒரு கையையும் இழக்கிறான். தம்பி உடல் முழுவதையும் இழக்கிறான். இந்த விதிக்குப் பலகையோ எண்ணோ தேவைப்படவில்லை. அண்ணனின் இரும்புக் கையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வாசகருக்கு அது நினைவுக்கு வருகிறது.

மாங்காவின் வெளியீட்டு வழி வேறு. வாரப் பத்திரிகையில் வரும் ஒரு தொடருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 19 பக்கங்கள் கிடைக்கும். 1968இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ என்ற மாங்கா பத்திரிகை, 1995ஆம் ஆண்டின் புத்தாண்டு இதழில் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் என்ற உச்சத்தைத் தொட்டது. ஒவ்வோர் இதழோடும் வரும் அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். தொடர்ந்து பின்தங்கும் தொடர் நிறுத்தப்படும். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று நிகழ்ந்தே தீர வேண்டும் என்ற வேகமும், முடிவில் ஒரு கொக்கி தொங்க வேண்டும் என்ற கட்டாயமும் அங்கிருந்து வருகின்றன. சண்டைகள் சில தொடர்களில் அளவுக்கு மீறி நீள்வதற்கும் அதே பத்திரிகை முறையே காரணம். வென்றுகொண்டிருக்கும் தொடரை முடிக்க யாருக்கும் மனம் வராது.

பக்கத்தின் அமைப்பும் கதையை வழிநடத்துகிறது. மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். விரித்த இரண்டு பக்கங்களில் கடைசியாகக் கண் சென்று சேரும் இடம் இடப்பக்கத்தின் கீழ் மூலை. கதவைத் தட்டும் கையை அந்த மூலைக் கட்டத்தில் வரைந்துவிட்டு, கதவின் மறுபக்கம் நிற்பவரைத் தாளைத் திருப்பியதும் முதற்கட்டத்தில் காட்டுவது கைதேர்ந்த ஓவியர்கள் செய்யும் வேலை. திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிக்கும்போது இந்த இன்பம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இரு பக்கங்களையும் சேர்த்துக் காட்டும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துமாறு புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாங்காவால் மட்டுமே செய்ய முடிவது மௌனம். யமாதா கனேஹிதோ கதை எழுத, அபே ட்சுகாசா வரைய, 2020இல் தொடங்கிய ‘ஃப்ரீரென்’ தொடரின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அரக்கர்களின் அரசனை வென்று திரும்பும் நால்வரில் ஃப்ரீரென் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் எல்ஃப் இனத்தவள். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எரிகற்பொழிவை நால்வரும் பார்க்கிறார்கள். அடுத்த முறை இன்னும் நன்றாகத் தெரியும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறேன் என்று அவள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் திரும்பி வரும்போது, அழகிய இளைஞனாக இருந்த நாயகன் ஹிம்மெல் முதியவனாக எதிரே நிற்கிறான். உரைநடை எழுத்தாளர் இந்த ஐம்பது ஆண்டுகளை ஏதோ ஒரு வாக்கியத்தால் கடந்தாக வேண்டும். அந்த வாக்கியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காலம் போனதை வாசகருக்குச் சொல்லித்தான் தீரும். மாங்காவில் அவள் முகம் அன்று போலவே இருக்கிறது, அவன் முகம் மாறிவிட்டது. போன காலத்தை விளக்க ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை. அவனது இறுதிச் சடங்கில், இவனைப் பற்றி நான் ஒன்றுமே அறிந்துகொள்ளவில்லையே என்று அவள் அழுவது அந்த மௌனத்தால்தான் நம்மைத் தாக்குகிறது.

லைட் நாவலின் பலம் இதற்கு எதிர்ப்புறத்தில், விளக்கிச் சொல்வதில் இருக்கிறது. ஹசெகுரா இசுனா எழுதி 2006 முதல் 2011 வரை 17 தொகுதிகளாக வந்த ‘ஓநாயும் நறுமணப் பொருளும்’ என்ற தொடரில், ஊர் ஊராகச் சென்று விற்கும் வணிகன் ஒருவனும் ஓநாயின் காதும் வாலும் கொண்ட ஹோலோ என்ற பெண்ணும் ஒரே வண்டியில் பயணம் செய்கிறார்கள். முதல் தொகுதியின் கதை ஒரு வெள்ளி நாணயத்தில் உள்ள வெள்ளியின் அளவு மாறப்போகிறது என்ற செய்தியைச் சுற்றிச் சுழல்கிறது. அளவு கூடினால் இன்றைய நாணயத்தைச் சேர்த்து வைப்பவன் என்ன பெறுவான், குறைந்தால் யாருக்கு ஆதாயம், இந்தச் செய்தியைச் சொல்லித் திரிபவனுக்கு என்ன நோக்கம் என்று வணிகன் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கும்போது வாசகரும் கூடவே கணக்குப் போடுகிறார். வாள் உயர்வதைவிட நாணயத்தின் மதிப்பு இறங்குவது பரபரப்பாக இருக்க முடியும் என்று அந்தத் தொகுதிதான் எனக்குக் காட்டியது. இக்கதைக்கு மாங்கா வடிவமும் உண்டு; ஹோலோவின் காது எந்தப் பேச்சுக்கு நிமிர்கிறது, எந்தப் பொய்க்குத் துடிக்கிறது என்பதைப் படம் அழகாகக் காட்டுகிறது. ஆனால் நாணயக் கணக்கு பேச்சுக் குமிழ்களுக்குள் நெரிசலாக அடைபட்டுவிடுகிறது. ஒரே கதை பல வடிவங்களில் கிடைக்கும்போது எதை முதலில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு, எந்த வடிவத்தில் பிறந்ததோ அந்த வடிவத்தையே முதலில் படியுங்கள் என்பதுதான் என் பதில்.

2004இல் தொடங்கப்பட்ட ‘ஷோசெத்சுகா நி நாரோ’ என்ற தளம் லைட் நாவலின் பிறப்பிடத்தையே மாற்றியது. அதன் பெயருக்கு ‘நாவலாசிரியர் ஆவோம்’ என்று பொருள். யாரும் இலவசமாக எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். வாசகர்கள் அளிக்கும் புள்ளிகளால் தரவரிசை அமையும். வரிசையில் மேலே வரும் கதைகளைப் பதிப்பகங்கள் நூலாக்கும். எண்ணற்ற கதைகளுக்கு நடுவே பட்டியலில் ஓடும் கண்ணை நிறுத்த வேண்டியிருப்பதால், தலைப்பே கதைச் சுருக்கமாக நீண்டுவிட்டது. ஒருமுறை வென்ற தொடக்கத்தையே அடுத்தவரும் எடுத்துக்கொண்டதால், நம் உலகத்தில் இறந்தவர் வேறோர் உலகத்தில் மறுபிறவி எடுக்கும் ‘இசெகாய்’ கதைகள் பெருகின. ‘இசெகாய்’ என்றால் வேற்றுலகம் என்றே பொருள். அவை மற்றக் கதைகளை மறைத்துவிடும் அளவுக்குப் போனதால், 2016இல் அந்தத் தளமே மறுபிறவிக் கதைகளுக்குத் தனித் தரவரிசை வைத்தது.

வேற்றுலகக் கதைகள் எல்லாம் ஒரே அச்சு என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எந்த உழைப்பும் இன்றி வரம் பெற்ற நாயகன், அவனைச் சுற்றி மயங்கி நிற்பதற்கென்றே வரும் பெண்கள், அடிமையை விலைக்கு வாங்குவதை அன்பின் தொடக்கமாகக் காட்டும் காட்சிகள் ஆகியவற்றை நான் எந்த வடிவத்தின் பெயராலும் மன்னிப்பதில்லை. அவை எழுதியவரின் சோம்பல். சில இடங்களில் அதைவிட மோசமானது. ஆனால் அதே தளத்தில் 2013 முதல் 2017 வரை 677 பகுதிகளாக வெளிவந்து, பின்னர் 33 தொகுதி நூலாக முடிவடைந்த கசுகி மியாவின் ‘புத்தகப் புழு’ கதையும் பிறந்தது. புத்தகப் பித்துப் பிடித்த மாணவி ஒருத்தி, புத்தகங்கள் செல்வந்தர் வீட்டில் மட்டுமே இருக்கும் உலகத்தில் ஏழைக் காவலரின் நோயாளி மகள் மைன் என்பவளாக மறுபிறவி எடுக்கிறாள். படிக்கப் புத்தகம் இல்லை என்றால் செய்துவிடலாம் என்று புறப்படுகிறாள். புல்லின் நாரைப் பின்னிப் பார்க்கிறாள். சிறு விரல்களுக்கு அந்த வேலை தாங்கவில்லை. களிமண் பலகையில் எழுதுகிறாள். சுடும்போது அது வெடித்துவிடுகிறது. மரச்சீவல்களில் எழுதி வைக்கிறாள்; விறகு என்று நினைத்துத் தாய் அடுப்பில் போட்டுவிடுகிறாள். மரப்பட்டையின் நாரை வேகவைத்து, அடித்து, சட்டத்தில் வார்த்து முதல் தாளை எடுப்பதற்குள் எத்தனையோ அத்தியாயங்கள் கடந்துவிடுகின்றன.

அந்தத் தாமதம் இந்தக் கதையின் உயிர். ஒரு தாளை எடுக்கச் சட்டம் வேண்டும், பானை வேண்டும், சாம்பல் வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நம்பும் வணிகர் ஒருவர் வேண்டும் என்று தேவைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும்போது, அந்த நகரத்தின் வகுப்புகளும் சங்கங்களும் விலைகளும் தாமாகவே வாசகருக்குப் பழகிவிடுகின்றன. நாள்தோறும் சிறு பகுதியாக வெளியிடும் எழுத்தாளருக்குப் பக்கக் கட்டுப்பாடு இல்லை. வாரத்துக்கு 19 பக்கங்களே உள்ள மாங்கா ஓவியர் மூன்று தோல்விகளை இவ்வளவு பொறுமையாகக் காட்டினால் வாசகர் அனுப்பும் அஞ்சலட்டையில் அவர் தொடர் இருக்காது. இணையத் தொடரின் தளர்வான நடை என்று பலர் பழிப்பதே இங்கே பச்சைச் சூரியனுக்கு வேண்டிய உழைப்பாக மாறியிருக்கிறது. டோல்கீன் கேட்ட நம்பகத்தன்மையை ஒரு தாளின் வழியாக இந்தக் கதை அடைகிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆகவே ஒரு லைட் நாவலைக் கையில் எடுக்கும்போது, அது போட்டியில் பரிசு பெற்று வந்ததா, இணையத் தொடராக வளர்ந்து வந்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பின்னுரையிலோ அட்டையிலோ இது குறிப்பிடப்பட்டிருக்கும். பதிப்பகங்கள் நடத்தும் புதுமுகப் போட்டிகளுக்குத் தன்னளவில் முடிந்த கதையையே அனுப்ப வேண்டும் என்பதால், அவ்வழியில் வந்த தொடரின் முதல் தொகுதிக்குத் தொடக்கமும் திருப்பமும் முடிவும் உண்டு. வணிகனும் ஓநாய்ப் பெண்ணும் வரும் கதை அப்படி வெள்ளிப் பரிசு பெற்று வந்தது. அது பிடிக்குமா பிடிக்காதா என்பதை முதல் தொகுதியிலேயே முடிவுசெய்யலாம். இணையத்தில் வளர்ந்த கதைக்கு முதல் தொகுதி என்பது ஒரு நீண்ட ஓட்டத்தை எங்கோ ஓரிடத்தில் வெட்டியெடுத்த துண்டு. அதற்கு இரண்டு மூன்று தொகுதிகளாவது இடம் கொடுக்க வேண்டும். மைனின் கதையில் முதல் தொகுதியை முடித்து வைக்கும்போது அவள் கையில் இன்னும் ஒரு புத்தகமும் இல்லை.